உடலே பாடப்புத்தகம்

கைகளைச் சீரமைக்கும் அறுவை சிகிச்சையில் பெயர் பெற்ற வேலூர் மருத்துவர் பால் பிராண்ட், 1914-இல் கொல்லிமலையில் மிஷனரி தம்பதிக்குப் பிறந்தவர். 9 வயதில் இங்கிலாந்துக்குப் போகும்வரை அம்மா ஈவ்லின்தான் ஆசிரியை. கொல்லிமலையின் எடப்புளி நாடோ, வேறு எந்த ஊரோ, வீட்டிலேயே கற்பிக்கும் கிறிஸ்தவப் பெற்றோருக்குச் சில யோசனைகள்:

● மணிக்கட்டில் நாடியைத் தொட்டு 1 நிமிடம் எண்ணும்படி பிள்ளையிடம் சொல்லுங்கள். மேட்டில் ஏறி வந்ததும் மறுபடி எண்ணட்டும். இதயம் ஏன் வேகமாகத் துடிக்கிறது என்ற கேள்வி தானே வரும்.

● விரலை மடக்கும்போது மறுகையால் முன்கையைப் பிடித்துப் பார்க்கட்டும். அசைவது விரல், இழுக்கும் தசையோ முன்கையில் இருக்கும்.

● கோழிக்குழம்பு வைக்கும் நாளில் வெட்டிய கோழிக்காலின் வெள்ளை நாரை இழுத்துக் காட்டுங்கள், விரல்கள் மடங்கும். அதுதான் தசைநாண். பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும்.

● ஒரு கையில் 27 எலும்புகள், பெரியவர் உடம்பில் 206. தாளில் கையை வரைந்து, எலும்புகளுக்குப் பதில் தீக்குச்சிகளை ஒட்டலாம்.

● முள் குத்தி அழுதால் அதுவும் பாடமே. தொழுநோயில் வலி தெரியாததால்தான் காயங்கள் முற்றுகின்றன என்பதைக் கண்ட பிராண்ட், வலியைக் கடவுளின் கொடை என்றார்.

● பாடம் முடிந்ததும் 139-ஆம் சங்கீதத்தை வாசியுங்கள். தாயின் கருவில் உடல் உருவாவதை வியக்கும் பாட்டு அது.

● உடல் உறுப்புகளுக்குச் செல்லப்பெயர் வேண்டாம். சரியான பெயரையே சொல்லிக் கொடுங்கள்.