பலகைப் பொறி

டெம்பிள் கிராண்டின் அம்மையார் 1947ஆம் ஆண்டு அமெரிக்காவிலுள்ள பாஸ்டன் நகரில் பிறந்தார். மூன்றரை அகவை வரை அவர் பேசவில்லை. ஆட்டிசம் என்னும் இயல்பு அவர்பால் அமைந்திருந்தது. அஃது உலகைப் பிறரினும் வேறாக உணரும் மூளையமைப்பு. காப்பகத்தில் விடுமாறு பிறர் கூறியும் அன்னையார் இசையாது, பேச்சுப் பயிற்சி அளிப்பித்தார்.

பள்ளிப் பருவத்தில் ஓயாத அச்சம் அவரை வாட்டியது. பிறர் தழுவுதலையும் அவரால் பொறுக்க இயலவில்லை. அரிசோனாவில் உறவினர் பண்ணைக்குச் சென்றபோது, ஊசி போடுவதற்காக மாடுகளை இருபுறத் தடுப்புகளுக்கிடையே அழுத்தி நிறுத்துவதையும், அவ்வழுத்தத்தால் சில மாடுகள் அமைதியுறுவதையும் கண்டார். மரப்பலகைகளால் தமக்கும் அத்தகைய பொறி ஒன்று செய்துகொண்டார். அதனுள் இருந்தபோது அச்சம் தணிந்தது.

உளநூல் வல்லுநர் இதனைக் கேடெனக் கருதினர். அறிவியல் ஆசிரியர் கார்லாக்கோ அதனை விலக்கினாரல்லர். அழுத்தம் அமைதி தருவது எதனால் என்று ஆராய்ந்தறியுமாறு பணித்தார். என்னே அவர்தம் நுண்ணறிவு! படிப்பில் நாட்டமற்றிருந்த மாணவி, விடை தேடி நூலகம் புகுந்தார். ஆய்வுக் கட்டுரைகளைப் பயின்றார். பித்து எனப் பிறர் இகழ்ந்ததே அவர்க்குக் கல்வியின் வாயிலாயிற்று.

சொற்களாலன்றிப் படங்களாகச் சிந்திப்பவர் அவர். மாடுகள் மிரண்டு நிற்கும் நடைவழிகளில் தாமே புகுந்து, அவற்றின் கண்மட்டத்தில் நோக்கினார். தொங்கும் சங்கிலியும் தரையில் விழும் நிழலும் மிரட்சிக்குக் காரணமாதலைக் கண்டார். வளைந்த நடைவழிகளை வகுத்தார். 1989ஆம் ஆண்டு முனைவர் பட்டம் பெற்று, கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் விலங்கறிவியல் பேராசிரியரானார். ஆட்டிசம் உடையார் எல்லாரும் தம்மைப் போலப் படங்களாகவே சிந்திப்பர் என முதலில் எண்ணிய அவர், சிலர் சொற்களாலும் சிலர் எண்களின் ஒழுங்காலும் சிந்திப்பதைப் பின்னர் அறிந்து, தம் நூலின் மறுபதிப்பில் அதனையும் சேர்த்து எழுதினார்.