கம்பளக் கறையும் கையடக்க இயந்திரமும்

கம்பளத்தில் சிந்திய தேநீர் விரைவில் இழைகளில் ஊறிவிடும். அக்கறையை நீக்க உதவுவதே கையடக்கக் கறைநீக்கி இயந்திரம். இதில் இரண்டு கலன்கள் உள்ளன. ஒரு கலனிலுள்ள நன்னீர் துப்புரவுத் திரவத்துடன் கம்பளத்தின்மீது தெளிக்கப்படுகிறது. தூரிகை கறையைத் தளர்த்துகிறது. அழுக்குநீர் உறிஞ்சப்பட்டு மற்றொரு கலனில் சேர்கிறது.

நீரும் மின்சாரமும் அருகருகே இருப்பதால் இதனைக் கவனத்துடன் கையாள வேண்டும். ஈரக் கையால் மின்செருகியைத் தொடக்கூடாது. கலனில் கொதிநீரையோ எளிதில் தீப்பற்றும் திரவத்தையோ ஊற்றக்கூடாது. கம்பளத்தின் மறைவான மூலையில் முதலில் சோதித்து, சாயம் போகிறதா எனப் பார்ப்பது நல்லது.

இயந்திரம் நீரை உறிஞ்சாவிட்டால், அது பழுதாகிவிட்டது என உடனே முடிவு செய்யக்கூடாது. மின்செருகியைக் கழற்றிய பின்னரே காரணத்தைத் தேட வேண்டும். அழுக்குநீர்க் கலன் நிறைந்துள்ளதா, மூடி சரியாகப் பொருந்தியுள்ளதா, குழாயில் முடியோ நூலோ அடைத்துள்ளதா என ஒவ்வொன்றாகப் பார்க்கலாம். நீர் தெளிக்காவிட்டால் நன்னீர்க் கலனையும் தெளிப்பு முனையையும் கவனிக்க வேண்டும். ஆனால், கருகிய வாடை வீசினாலோ மின்கம்பியின் உறை கிழிந்திருந்தாலோ இயந்திரத்தைப் பயன்படுத்தாமல் பழுதுபார்ப்பவரிடம் ஒப்படைக்க வேண்டும்.

இறுதியாக, நீர் தெளிக்காமல் இரண்டு மூன்று முறை உறிஞ்சவைக்க வேண்டும். சிங்கப்பூரின் ஈரப்பதமான காற்றில் நனைந்த கம்பளம் எளிதில் காயாது. கறை நீங்கிய இடத்தில் பூஞ்சணம் பிடித்துவிடக்கூடும்.