கைப்பணமும் கைம்முதலும்

நெல் ஒன்றேயாயினும், குதிரில் கொட்டி வைப்பது உணவு நெல். கோட்டையாகக் கட்டி வைப்பது விதை நெல். இவ்விரண்டின் வேறுபாட்டை உழவருக்கு எவரும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. பணத்திற்கும் இத்தகைய வேறுபாடு உண்டு. அன்றாடச் செலவில் கரைந்து மறைவது கைப்பணம். சரக்காகவும் கருவியாகவும் மாறி, மீண்டும் பணமாகவே திரும்பி வருவது கைம்முதல்.

ஏழைத் தொழிலாளருக்கு அரசினர் நேரடியாகப் பணம் வழங்கும் முறை இந்நாளில் பல நாடுகளிலும் பரவியுள்ளது. “கையில் கொடுத்தால் கரைந்து போகும், கள்ளுக்கடைக்குத்தான் போகும்” என்று கூறுவோரும் நம் ஊர்களில் உளர். “பணம் கொடுத்தாலே போதும், வறுமை ஒழிந்துவிடும்” என்று எண்ணுவோரும் உளர். இவ்விரு கூற்றுகளும் முழு உண்மையல்ல. கொடுத்த பணம் எப்பொழுது கைம்முதலாகிறது, எப்பொழுது கைப்பணமாகவே கழிகிறது என்பதைப் பஞ்சாயத்து அங்கத்தினர்களும் விவசாயிகளும் அறிந்திருத்தல் நலம். இக்கட்டுரையில் அதனை ஆராய்வோம்.

ஐந்து ரூபாயின் கணக்கு

முதலில், சிறு வியாபாரியின் முட்டுப்பாடு எங்கே இருக்கிறது என்பதைக் காண்போம். சென்னைக் கோயம்பேட்டு அங்காடியில் சில்லறை வியாபாரம் செய்யும் பெண்களைப் பற்றிப் பொருளாதார அறிஞர்கள் எழுதியுள்ளனர். அவர்கள் காட்டும் கணக்கு இது. ஒரு பெண் விடியற்காலையில் 1,000 ரூபாய்க்குச் சரக்கு எடுக்கிறாள். மாலைக்குள் அது 1,100 ரூபாய்க்கு விற்கிறது. இலாபம் 100 ரூபாய். ஆனால் சரக்கெடுத்த 1,000 ரூபாய் அவளுடையதன்று. நாள் வட்டிக்கு வாங்கியது. வட்டி நூற்றுக்கு ஐந்து. அதுவும் ஒரு நாளைக்கு! ஆகவே 50 ரூபாய் வட்டிக்காரர் கைக்குப் போகிறது. நாள் முழுதும் வெயிலில் அமர்ந்து ஈட்டியதில் சரிபாதி, தன்னிடம் முதல் இல்லாத குற்றத்திற்காக அவள் கட்டும் அபராதமாகிவிடுகிறது.

இப்பெண் தனக்கு மிஞ்சிய 50 ரூபாயில் நாளொன்றுக்கு 5 ரூபாயை மட்டும் ஒதுக்கி, மறுநாள் கடனை அந்த அளவுக்குக் குறைத்து வாங்குவதாகக் கொள்வோம். கடன் குறையக் குறைய வட்டியும் குறையும். மிஞ்சிய அவ்வட்டியையும் ஐந்து ரூபாயோடு சேர்த்து வந்தால், ஏறத்தாழ 50 நாட்களில் 1,000 ரூபாய் முதல் அவளுக்கே சொந்தமாகிவிடும். வேண்டுவோர் தாளில் எழுதிக் கூட்டிப் பார்க்கலாம்.

ஆயினும் பெரும்பாலோர் அவ்வாறு செய்ய இயலவில்லை. ஏன்? ஒரு நாள் குழந்தைக்குக் காய்ச்சல். ஒரு நாள் மழை. ஒரு நாள் உறவினர் வீட்டுக் கல்யாணத்திற்கு மொய். ஒதுக்கிய ஐந்து ரூபாய்கள் அன்றே கரைந்துவிடுகின்றன. சோம்பலோ அறியாமையோ இதற்குக் காரணமன்று; இடுக்கண் வந்துழித் தாங்குவதற்கு வேறொன்றும் கையில் இல்லாமையே காரணம்.

முதல் கிடைத்தால் என்னாகும்?

இலங்கையில் 2005-ம் ஆண்டு தொடங்கிய ஒரு சோதனை இதற்கு விடை கூறுகிறது. பேராதனைப் பல்கலைக்கழகத்தின் சுரேஷ் டி மெல் என்பாரும், டேவிட் மெக்கென்சி, கிறிஸ்டோபர் உட்ரஃப் ஆகியோரும் இதனை நடத்தினர். களுத்துறை, காலி, மாத்தறை மாவட்டங்களில் சிறு மளிகைக் கடை வைத்திருப்போர், ஆப்பமும் இடியாப்பமும் செய்து விற்போர், மூங்கில் வேலை செய்வோர், சைக்கிள் பழுது பார்ப்போர் போன்ற சிறு தொழிலினர் தேர்ந்தெடுக்கப்பட்டனர். அவர்களுள் குலுக்கல் முறையில் சிலருக்கு 10,000 அல்லது 20,000 இலங்கை ரூபாய் வழங்கப்பட்டது. ஒரு பகுதியினருக்குப் பணமாகவும், மற்றொரு பகுதியினருக்கு அவரவர் விரும்பிய சரக்காகவும் கருவியாகவும் கொடுத்தனர். பணமாகப் பெற்றோர் அதனை எவ்வாறு செலவிட வேண்டும் என்று நிபந்தனை எதுவும் விதிக்கப்படவில்லை.

விளைவு யாது? பணமாகப் பெற்றோர் அதில் பாதிக்கு மேற்பட்ட பகுதியைத் தாமாகவே தொழிலில் இட்டனர். கிடைத்த முதலுக்கு மாதந்தோறும் சராசரியாக நூற்றுக்கு ஐந்து அளவில் ஆதாயம் வந்தது. அதாவது 10,000 ரூபாய் பெற்றவரின் வருமானம் மாதம் ஏறத்தாழ 500 ரூபாய் உயர்ந்தது. எந்த வங்கியின் வட்டியைக் காட்டிலும் இது மிகுதி. ஏழையின் தொழிலில் ஆதாயம் இல்லை என்பது பிழை; முதல்தான் இல்லை என்பது இதனால் விளங்குகின்றது.

பணம் யார் கைக்குப் போகிறது?

ஆனால் இச்சராசரிக்குள் ஓர் உண்மை மறைந்திருந்தது. ஆண்கள் நடத்திய தொழில்களில் ஆதாயம் மாதம் நூற்றுக்கு ஒன்பதுக்கும் மேல் உயர்ந்தது. பெண்கள் நடத்தியவற்றிலோ சராசரியாக ஒன்றுமே உயரவில்லை. இதனைக் கண்டு, பெண்களுக்கு வியாபாரத் திறமை குறைவு என்று முடிவு கட்டுதல் தகாது. 2019-ம் ஆண்டு வேறு சில அறிஞர்கள் இந்தியா, கானா, இலங்கை ஆகிய நாடுகளின் கணக்குகளை மீண்டும் புரட்டிப் பார்த்தபொழுது காரணம் தெளிவாயிற்று. வீட்டில் கணவனுக்கும் ஒரு தொழில் இருந்தால், மனைவியின் பெயரால் வந்த முதல் அத்தொழிலுக்கே திரும்பிவிட்டது. அவளுடைய தொழில் ஒன்றே வீட்டிலிருந்த தொழிலாயின், ஆண்களுக்கு நிகரான ஆதாயத்தை அவளும் ஈட்டினாள்.

கானா நாட்டில் நடந்து 2014-ல் வெளியான மற்றோர் ஆய்வும் இங்குக் கருதத்தக்கது. அங்கே பணமாகப் பெற்ற பெண்களின் தொழிலில் மாறுதல் தோன்றவில்லை. சரக்காகப் பெற்றவர்களுள், முன்னரே ஓரளவு நன்றாகத் தொழில் நடத்தி வந்த பெண்களுக்கு ஆதாயம் உயர்ந்தது. கையிலுள்ள காசைப் பலர் கேட்பர். கடையிலுள்ள அரிசி மூட்டையைக் கேட்பவர் குறைவு. இதனை நம் வீட்டுப் பெண்கள் நன்கு அறிவர்.

மொத்தமாகவா, மாதந்தோறுமா?

தொகை வரும் முறையும் பெரிதும் கவனிக்கத்தக்கது. கென்யா நாட்டுக் கிராமங்களில் 2018-ம் ஆண்டளவில் ஒரு பெரிய சோதனை தொடங்கிற்று. சில கிராமங்களில், வயது வந்தோர் ஒவ்வொருவருக்கும் நாளொன்றுக்கு ஏறத்தாழ முக்கால் டாலர் வீதம் மாதந்தோறும் இரண்டாண்டுகளுக்கு அளிக்கப்பட்டது. வேறு சில கிராமங்களில், அதே தொகை பன்னிரண்டு ஆண்டுகளுக்கு வரும் என உறுதி கூறப்பட்டது. இன்னும் சிலவற்றில், ஏறத்தாழ 500 டாலர் மொத்தமாகவே கொடுக்கப்பட்டது.

2023-ல் வெளியான முடிவுகளின்படி, மொத்தமாகப் பெற்ற ஊர்களில் புதிய சிறு தொழில்கள் மிகுதியாகத் தோன்றின. இரண்டாண்டு மட்டும் மாதந்தோறும் பெற்ற ஊர்களில் அத்துணை வளர்ச்சி இல்லை. ஆனால் பன்னிரண்டு ஆண்டு உறுதி பெற்ற ஊர்களிலும் தொழில்கள் பெருகின. மாதந்தோறும் வரும் சிறு தொகை அங்கு எங்ஙனம் முதலாயிற்று? அவ்வூரார் சீட்டுக் கட்டினர்! ஆம், நம் ஊர்களில் பெண்கள் பிடிக்கும் சீட்டைப் போன்றதே அது. பல ஆண்டுகளுக்குப் பணம் தவறாது வரும் என்ற நம்பிக்கை இருந்ததால், பலர் கூடிப் போட்டு, முறை வைத்து, ஒவ்வொருவராக மொத்தத் தொகை எடுத்துக்கொண்டனர்.

நம் மாநிலத்தில் 2023-ம் ஆண்டு செப்டம்பர் 15-ம் நாள் மகளிர் உரிமைத் தொகை தொடங்கியபொழுது, குடும்பத் தலைவியருக்கு மாதம் 1,000 ரூபாய் என விதிக்கப்பட்டது. இத்தகைய தொகையில் பெரும்பகுதி அரிசி, மருந்து, பள்ளிச் செலவு ஆகியவற்றுக்குப் போவது இயற்கை. அதில் குறை கூறுவதற்கு ஒன்றுமில்லை. எனினும் பன்னிரண்டு பெண்கள் மாதம் 500 ரூபாய் வீதம் சேர்ந்து போட்டால், ஒவ்வொரு மாதமும் ஒருவர் கையில் 6,000 ரூபாய் சேரும். அது ஒரு பழைய தையல் இயந்திரத்திற்கோ, ஓர் ஆட்டுக்குட்டிக்கோ, ஒரு தள்ளுவண்டிக்கோ அடிகோலும். 1989-ல் தருமபுரியில் தோன்றிய மகளிர் சுய உதவிக் குழுக்கள் இவ்வழியை நமக்கு முன்னரே காட்டியுள்ளன.

மூன்று அச்சங்கள்

பணம் குடியில் போகும் என்பது முதலாவது அச்சம். பல நாடுகளில் நடந்த 19 ஆய்வுகளை உலக வங்கியைச் சார்ந்த அறிஞர்கள் ஒருங்கே தொகுத்துப் பார்த்தனர். பணவுதவி பெற்றதால் மதுவுக்கும் புகையிலைக்கும் ஆகும் செலவு பொதுவாக உயரவில்லை என்பதே அவர்கள் கண்டது. குடிப்பவர் உதவி வருவதற்கு முன்னும் குடித்தனர். அது தனியே தீர்க்க வேண்டிய நோய்.

சோம்பல் பெருகும் என்பது இரண்டாவது அச்சம். மத்தியப் பிரதேசத்தில் 2011-ம் ஆண்டு ‘சேவா’ என்னும் பெண் தொழிலாளர் சங்கம், யுனிசெஃப் நிறுவனத்தின் துணையுடன், எட்டுக் கிராமங்களில் பெரியவர்களுக்கு மாதம் 200 ரூபாயும் குழந்தைகளுக்கு 100 ரூபாயும் வழங்கிற்று. பின்னர் இத்தொகைகள் முறையே 300, 150 என உயர்த்தப்பட்டன. அவ்வூரார் வேலையை விட்டுவிடவில்லை. விதையும் உரமும் ஆடுமாடும் வாங்கினர். பிறர் நிலத்தில் கூலிக்குப் போனவருள் பலர் தம் நிலத்திலேயே பாடுபடத் தலைப்பட்டனர். கூலி குறைந்தது, உழைப்புக் குறையவில்லை.

விலைவாசி ஏறிவிடும் என்பது மூன்றாவது அச்சம். கென்யாவின் சியாயா பகுதியில் 2014 முதல் 2017 வரை, பத்தாயிரத்திற்கும் மேற்பட்ட ஏழைக் குடும்பங்களுக்கு ஏறத்தாழ 1,000 டாலர் வீதம் அளிக்கப்பட்டது. அங்கு விலை நூற்றுக்கு ஒன்று அளவுகூட ஏறவில்லை. பணம் பெற்றவர் உள்ளூர்க் கடையிலே வாங்கினர். கடைக்காரர் உள்ளூர் ஆளை வேலைக்கு வைத்தார். உதவி பெறாத அண்டை வீட்டாரும் இதனால் பயனடைந்தனர். கொடுத்த ஒரு டாலர், அவ்வட்டாரத்தில் ஏறத்தாழ இரண்டரை டாலர் அளவுக்குப் பொருளாதாரத்தைப் பெருக்கிற்று எனக் கணக்கிட்டுள்ளனர்.

எல்லையும் உண்டு

இவ்வளவும் கூறிய நாம், பணத்தால் ஆகாததையும் கூறக் கடமைப்பட்டுள்ளோம். வட உகாண்டாவில் 2008-ல் இளைஞர் குழுக்களுக்குத் தொழிற்பயிற்சிக்கும் கருவிக்குமாகத் தலைக்கு ஏறத்தாழ 380 டாலர் அளிக்கப்பட்டது. தையல், தச்சு, இரும்பு வேலை எனப் பலவற்றில் அவர்கள் இறங்கினர். நான்காண்டுகளில், உதவி பெறாதாரைக் காட்டிலும் அவர்கள் வருமானம் நூற்றுக்கு 38 மிகுந்திருந்தது. ஆனால் ஒன்பதாண்டுகள் கழித்துப் பார்த்தபொழுது, பெறாதாரும் மெல்ல மெல்ல முன்னேறி வருமானத்தில் அவர்களுக்கு இணையாகிவிட்டனர். உதவி பெற்றோரிடம் கூடுதலான கருவிகளும் கைத்தொழிலும் நிலைத்து நின்றன. முதல் என்பது ஏழையை முன்கூட்டியே ஏற்றிவிடும் ஏணி, மாளிகையன்று.

நம் கோயம்பேட்டுப் பெண்களின் கதை இதனினும் வருந்தத்தக்கது. 2007-ம் ஆண்டளவில் ஆராய்ச்சியாளர்கள் அவ்வியாபாரிகளுள் சிலரின் கந்து வட்டிக் கடனை முழுவதும் அடைத்து விட்டனர். இரண்டு ஆண்டுகளுக்குள் அவர்கள், கடன் அடைக்கப்படாத மற்றையோரைப் போலவே, மீண்டும் கடனாளிகளாயினர். முதல் திரும்பி வந்தது. ஆனால் நோயும் மழையும் மொய்யும் வரும் நாளில் அதனைக் காக்க வேலி இல்லை. வேலியில்லாப் பயிரை மாடு மேய்ந்தால் விதைத்தவரைக் குறை கூறி என்ன பயன்?

பஞ்சாயத்து செய்யத்தக்கவை

1. உதவி பெறுவோர் பட்டியலைக் கிராம சபையில் யாவரும் கேட்க வாசிக்க வேண்டும். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களின் கூட்டங்கள் இதற்கு ஏற்றவை. விடுபட்ட ஏழையின் பெயரைச் சேர்க்க முயல்வது அங்கத்தினரின் முதற் கடமை.

2. பணம் நேரே அவரவர் கணக்கில் சேர வேண்டும். இடையில் எவரும் ‘கவனிப்பு’க் கேட்க இடந்தரலாகாது.

3. இன்ன தொழில்தான் செய்ய வேண்டும் என்று கட்டாயப்படுத்த வேண்டாம். ஊரார் அனைவரும் கறவை மாடே வாங்கினால் பாலை வாங்குவார் யார்? தமக்குத் தெரிந்த தொழிலைத் தாமே தேர்ந்தவர் நிலைத்து நிற்பர்.

4. பெண்ணின் முதல் பெண்ணின் தொழிலிலே நிற்க வழி செய்ய வேண்டும். அவள் பெயரில் கணக்கு, அவள் பெயரில் கடை, பணம் வந்தவுடன் சரக்காக மாற்றும் ஏற்பாடு ஆகியவை உதவும்.

5. கிடைத்ததில் ஒரு பகுதியை ஆபத்து நிதியாகத் தனியே வைக்கும்படி சுய உதவிக் குழுக்கள் வாயிலாக எடுத்துரைக்க வேண்டும். அளவு மீறிய வட்டி வாங்குவதைத் தடுக்க 2003-ம் ஆண்டிலேயே நம் மாநிலத்தில் சட்டம் இயற்றப்பட்டிருப்பதையும் மக்களுக்கு அறிவிக்க வேண்டும்.

6. சந்தைக்கு நிழல், குடிநீர், விளக்கு, கழிப்பிடம், நல்ல பாதை ஆகியவற்றை அமைக்க வேண்டும். தனி மனிதரின் முதலால் வாங்க முடியாதவை இவை. தள்ளுவண்டி வாங்கியவருக்கு வண்டி உருளும் சாலையைத் தர வேண்டியவர் பஞ்சாயத்தாரே.

விதை நெல்லைக் கொடுப்பது ஒருவர் செயலாக இருக்கலாம். அது பயிராவதற்கு உழைப்பவர் கையும், ஊரார் போடும் வேலியும், உரிய காலத்தில் வரும் நீரும் வேண்டும். கோயம்பேட்டுப் பெண்ணின் ஐந்து ரூபாய் ஐம்பது நாட்கள் கரையாமல் நின்றால் அவள் கடனிலிருந்து விடுபடுவாள். நம் ஊரிலும் அவளைப் போன்றோர் உண்டு. கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு விடியுமுன் நம் வாயிலைக் கடந்து செல்பவளே அவள். அடுத்த கிராம சபையில் அவளுடைய கணக்கையும் எடுத்துப் பார்ப்போமாக.