ராஜமலைக்குப் போகலாம், பாட்டியையும் கூட்டிக்கொண்டு!

"டாக்டர், மூணாறு போறோம். அம்மாவுக்கு மூட்டு வலி, சுகரும் இருக்கு. ராஜமலைக்குக் கூட்டிட்டுப் போகலாமா, இல்ல ரூம்லயே இருக்கட்டுமா?"

பள்ளி விடுமுறை நெருங்கினால் என் வைத்தியசாலையில் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. அந்த அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். "நான் எதுக்குப்பா, நீங்க போயிட்டு வாங்க" என்று வாய் சொல்லும். முகம் அப்படிச் சொல்லாது.

என் பதில்: தாராளமாகக் கூட்டிப் போங்கள். ஆனால் எப்படிக் கூட்டிப் போவது என்று கொஞ்சம் தெரிந்துகொண்டு போங்கள்.

எப்படிப்பட்ட இடம்?

இரவிகுளம் தேசியப் பூங்கா மூணாறை ஒட்டி, கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில் இருக்கிறது. 97 சதுர கிலோமீட்டர். 1975-இல் சரணாலயமாகி, 1978-இல் தேசியப் பூங்காவானது. இமயமலைக்குத் தெற்கே மிக உயர்ந்த சிகரமான ஆனைமுடி (2,695 மீட்டர்) இதற்குள்தான் நிற்கிறது. பொதுமக்கள் போகக்கூடிய பகுதி ராஜமலை.

வாசலில் டிக்கெட் வாங்கினால் வனத்துறை வண்டியே தேயிலைத் தோட்டங்களைத் தாண்டி மேலே கொண்டுபோய் விடும். அதற்குப் பிறகுதான் நடை. பாதை போட்ட சாலை, லேசான ஏற்றம். போக, வர எல்லாம் சேர்த்து 3 கிலோமீட்டருக்குள் முடிந்துவிடும். ஒரு பக்கம் பாறைச் சரிவு, மறுபக்கம் பள்ளத்தாக்கு, புல்மலைகளின் மடிப்புகளில் கரும்பச்சையாகச் சோலைக்காடு. தமிழ்நாட்டின் மாநில விலங்கான வரையாடு அங்கே சாலையோரத்திலேயே மேய்ந்துகொண்டிருக்கும்.

இவ்வளவு சுலபமான நடையில் என்ன ஆபத்து என்று கேட்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

வைத்தியர் வீட்டிலேயே நடந்தது

சில வருடங்களுக்கு முன் ஒரு டிசம்பரில் குடும்பத்தோடு மதுரையிலிருந்து கிளம்பினோம். என் அக்காவும் வந்தார். வயது அறுபதைத் தாண்டியவர், பத்து வருஷமாகச் சர்க்கரை நோய். வழக்கம்போலக் காலையில் மாத்திரையைப் போட்டுக்கொண்டு போடியில் இரண்டு இட்லி சாப்பிட்டார். போடிமெட்டு வளைவுகளில் ஏறும்போது அந்த இட்லி வெளியே வந்துவிட்டது. "வயிறு காலியா இருந்தாத்தான் நல்லது தம்பி" என்று அதன்பிறகு ஒன்றும் சாப்பிடவில்லை. நானும் வற்புறுத்தவில்லை.

ராஜமலையில் வண்டியை விட்டு இறங்கியதும் பிள்ளைகள் முன்னால் ஓடினார்கள். நாங்கள் பின்னால். அக்கா கடைசி. பிள்ளைகள் நின்று திரும்பிப் பார்ப்பார்கள், அக்கா மூச்சு வாங்கப் போய்ச் சேருவார், உடனே அவர்கள் கிளம்பிவிடுவார்கள். ஓய்வெடுத்தவர்கள் பிள்ளைகள். ஓய்வு தேவைப்பட்டவருக்கு அது கிடைக்கவே இல்லை.

பாதி வழியில் அக்கா சாலையோரக் கட்டையில் உட்கார்ந்துவிட்டார். அந்தக் குளிரிலும் நெற்றியெல்லாம் வியர்வை. கை நடுங்கியது. கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொன்னார். சர்க்கரை இறங்கிவிட்டது என்று புரிந்தது. என் பையில் சூரணமும் தைலமும் இருந்தன, ஒரு ஸ்பூன் சர்க்கரை இல்லை! சின்னவன் பாக்கெட்டில் ஆரஞ்சு மிட்டாய் இருந்ததால் தப்பித்தோம். நாலைந்தைக் கடித்துத் தின்ன வைத்தோம். கால் மணி நேரத்தில் தெளிந்து, "என்னடா எல்லாரும் என்னையே பாக்குறீங்க?" என்றார்.

அன்றைக்கு மேலே போகவில்லை, அப்படியே திரும்பிவிட்டோம். ஆனால் கற்றுக்கொண்டது நிறைய. அதைத்தான் உங்களுக்குச் சொல்கிறேன்.

பாடம் 1: வயிறும் மாத்திரையும்

வாந்தி வருபவர்கள் வண்டியில் முன்னிருக்கையில் உட்கார்ந்து தூரத்தைப் பார்க்க வேண்டும். புத்தகம், செல்போன் கூடாது. நகத்தளவு இஞ்சித் துண்டையோ சுக்கையோ வாயில் ஒதுக்கிக்கொண்டால் குமட்டல் அடங்கும். புளித்த ஏப்பம் வருமளவு சாப்பிட்டுவிட்டு மலை ஏறாதீர்கள், பட்டினியாகவும் ஏறாதீர்கள்.

சர்க்கரை நோய்க்கான சில வகை மாத்திரைகளும் இன்சுலினும், சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரையை அளவுக்கு மீறி இறக்கிவிடும். உங்கள் மாத்திரை அந்த வகையா என்று கிளம்பும் முன்பே உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். மாத்திரை போட்டபின் வாந்தி எடுத்தால் இன்னொன்று போடக் கூடாது. வயிறு அடங்கியதும் ஏதாவது சாப்பிடாமல் நடையைத் தொடங்கவும் கூடாது.

வியர்வை, நடுக்கம், தடுமாற்றமான பேச்சு வந்தால் 3, 4 ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து கொடுங்கள். கால் மணியில் தெளியாவிட்டால் இன்னொரு முறை. நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். அந்த நேரத்தில் சித்த மருந்தைத் தேட வேண்டாம், சர்க்கரைதான் மருந்து. ஒரு சின்ன எவர்சில்வர் டப்பாவில் அது எப்போதும் பையில் இருக்கட்டும்.

பாடம் 2: மெதுவாக நடப்பவர் முன்னால்

இதுதான் முக்கியமான பாடம். குடும்பத்தில் யார் மெதுவாக நடப்பாரோ அவரை முதலில் விடுங்கள். அவர் நடப்பதுதான் எல்லாருக்கும் வேகம். அவர் நின்றால் எல்லாரும் நிற்க வேண்டும். பிள்ளைகளுக்குப் போரடிக்குமே என்றால், வரையாடு எண்ணும் வேலையை அவர்களிடம் கொடுங்கள்.

சுமார் 2,000 மீட்டர் உயரத்தில் காற்றின் அழுத்தம் கடற்கரையைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. மூச்சு கொஞ்சம் வாங்கத்தான் செய்யும், பயப்பட வேண்டாம். உயரத்தால் வரும் மலை நோய் பொதுவாக 2,500 மீட்டருக்கு மேல்தான். நடந்துகொண்டே ஒரு முழு வாக்கியம் பேச முடிகிறதா என்று பாருங்கள். முடிந்தால் வேகம் சரி. வார்த்தைக்கு வார்த்தை மூச்சு வாங்கினால் நின்று இளைப்பாறுங்கள்.

நெஞ்சில் பாரம், இடது கை அல்லது தாடையில் வலி, மயக்கம் என்றால் அது 'வாயு' என்று நீங்களே முடிவு செய்யாதீர்கள். உடனே வனத்துறை ஊழியரிடம் சொல்லி இறங்கி, ஆஸ்பத்திரிக்குப் போங்கள். சமீபத்தில் மாரடைப்பு வந்தவர்கள், உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குபவர்கள் இந்த நடையைத் தள்ளிப் போடுவது நல்லது. ஆஸ்துமா உள்ளவர்கள் இன்ஹேலரை அறையில் வைத்துவிட்டு வரக் கூடாது.

பாடம் 3: இறங்கும்போதுதான் முழங்கால்

ஏறும்போது மூச்சு வாங்கும், இறங்கும்போது மூட்டு வாங்கும். சரிவில் ஒவ்வொரு அடியிலும் உடம்பின் பாரத்தைத் தொடையின் முன்தசை தாங்கிப் பிடிக்கிறது. அந்தத் தசை பலமில்லாவிட்டால் சுமை முழங்காலுக்குப் போகும். இறங்கும்போது சின்னச் சின்ன அடியாக வையுங்கள். முழங்காலை விறைப்பாக வைக்காதீர்கள். மூட்டு வலிக்காரர்கள் கையில் ஒரு தடி வைத்துக்கொள்வது கௌரவக் குறைச்சல் இல்லை.

செருப்பு வேண்டாம், கட்டையைப் பிடிக்கும் ரப்பர் அடியுள்ள பழகிய ஷூ நல்லது. புது ஷூவை அன்றைக்குத்தான் முதன்முதலில் போடாதீர்கள். சர்க்கரை நோயாளிகள் இரவில் பாதத்தைத் திருப்பிக் கொப்புளம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மற்றவர்கள் நல்லெண்ணெயை இளஞ்சூடாக்கித் தொடை, கெண்டைக்காலில் தேய்த்து வெந்நீர் விட்டுக்கொண்டால் மறுநாள் வலி குறையும்.

பாடம் 4: குளிரும் வெயிலும்

சித்த மருத்துவத்தில் நிலத்துக்கு நிலம் நோயும் வேறு என்பார்கள். மருத நிலம் நோய் இல்லாதது, குறிஞ்சியிலோ சுரமும் கபமும் வரும் என்று பாளையங்கோட்டையில் படித்தபோது மனப்பாடம் செய்தேன். சமவெளிக்காரர்கள் மலைக்குப் போகும்போது இதை மறக்கக் கூடாது. பனிமூட்டம் திடீரென்று இறங்கும். ஒரே தடித்த ஸ்வெட்டரைவிட இரண்டு மெல்லிய உடைகள் நல்லது, வியர்த்தால் ஒன்றைக் கழற்றலாம். குழந்தைகளின் காதை மூடுங்கள். குளிர்கிறதே என்று வெயிலை மறக்க வேண்டாம், உயரத்தில் அது தோலைச் சீக்கிரம் கருக்கும். தொப்பி அவசியம். தாகம் எடுக்காவிட்டாலும் தண்ணீர் குடியுங்கள்.

திரும்பி வந்ததும் எல்லாருக்கும் சுக்கு மல்லி காபி. சர்க்கரை நோயாளிகளுக்கு மட்டும் கருப்பட்டி போடாமல். கருப்பட்டியும் சர்க்கரையை ஏற்றத்தான் செய்யும்.

போகும் முன் கவனிக்க

வரையாடு குட்டி போடும் காலத்தில், பெரும்பாலும் பிப்ரவரி, மார்ச்சில், பூங்காவை மூடிவிடுவார்கள். விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள். பிளாஸ்டிக்குக்குத் தடை உண்டு, எவர்சில்வர் பாட்டில் போதும். வரையாடு பக்கத்தில் வந்தாலும் தொடவோ, தீனி கொடுக்கவோ கூடாது. ஆனைமுடியில் ஏறுவது வேறு விஷயம், வனத்துறை அனுமதியில்லாமல் முடியாது.

அடுத்த நவம்பரில் அக்காவை மறுபடி கூட்டிப் போனேன். போவதற்கு மூன்று மாதம் முன்பிருந்தே தினம் அரை மணி நேரம் நடந்தார். நாற்காலியில் கையூன்றாமல் எழுந்து உட்காருவதைக் காலையில் பத்து, மாலையில் பத்து தடவை செய்தார். தொடைக்கு அதுவே நல்ல பயிற்சி. மலையில் அவர் முன்னால், நாங்கள் எல்லாரும் பின்னால். நாலு இடத்தில் உட்கார்ந்தார். மூன்றாவது இடத்தில் ஒரு வரையாடு குட்டியோடு பத்தடி தூரத்தில் வந்து நின்றது. முன்பு ஓடிய பிள்ளைகள் இதைப் பார்த்ததில்லை. கடைசி வரை போய்விட்டுத்தான் திரும்பினோம்.

நீலக்குறிஞ்சி 12 வருஷத்துக்கு ஒருமுறை பூக்கும். 2006-இல் பூத்தது, 2018-இல் பூத்தது. அடுத்த கணக்கு 2030. "அதுக்கும் வருவேன் தம்பி" என்று அக்கா இப்போதும் தினம் நடக்கிறார்.

உங்கள் வீட்டில் "நான் எதுக்குப்பா?" என்று சொல்பவரிடமும் 2030-ஐச் சொல்லிப் பாருங்கள். நடையை நாளைக் காலையிலேயே தொடங்கட்டும்.