நகம் பெயர்க்காத மடக்குக் கத்தி

கேள்வி: பிரான்ஸின் லாகியோல் மடக்குக் கத்தி வாங்க ஆசை. ஸ்பிரிங் எவ்வளவு கெட்டியாக இருக்க வேண்டும்?

பதில்: மரபான லாகியோலில் பூட்டு கிடையாது. பிடியின் முதுகில் ஓடும் எஃகுப் பட்டைதான் ஸ்பிரிங்; அலகின் அடியை அழுத்தி நிறுத்துவது அதுவே. தளர்ந்திருந்தால் அலகு விரல்மேல் மடங்கும். ரொம்ப விறைப்பென்றால் திறப்பதற்குள் நகம் பெயர்ந்துவிடும்.

விரித்த அலகைப் பக்கவாட்டில் அசைத்தால் ஆட்டம் தெரியக்கூடாது. வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் ஸ்பிரிங் ஓரம் ஒளி கசியக்கூடாது. மூடும்போது 'டப்'பென்று விடாமல் தாங்கி மூடுவது நல்லது. சில கத்திகளில் வாய் ஸ்பிரிங்கில் இடித்து மழுங்கிவிடும். லாகியோலுக்கே உரிய தேனீ முத்திரையை நம்பி ஏமாற வேண்டாம், மலிவுப் போலிகளிலும் அது உண்டு.

நகம் வலுவில்லாதவருக்கு ஒபினெல் என்ற மடக்குக் கத்தி தேவலாம். அதில் ஸ்பிரிங்கே இல்லை. பெரிய அளவுகளில் 1955-இல் வந்த பூட்டு வளையம் இருக்கிறது.