வீட்டு மராமத்தும் அமானிதமும்

மழைக்காலத்துக்கு முன் வீட்டு மராமத்தை முடித்துவிட நினைக்கிறோம். தளம் ஒழுகுகிறது, பூச்சு உதிர்கிறது. வீட்டுக்காரரோ சபரில் இருக்கிறார். யாரோ சொன்ன மேஸ்திரியிடம் பெருந்தொகையை முன்பணமாகக் கொடுத்து விடுகிறோம். பாதியில் வேலை நிற்கிறது, வாக்குவாதம் வளர்கிறது. இது பணநஷ்டம் மட்டுமன்று. கூலி பேசி ஆள் அமர்த்துவது 'இஜாரா' என்னும் ஷரீஅத் ஒப்பந்தமாகும். அதில் இரு தரப்பாரும் அல்லாஹ்விடம் பதில் சொல்ல வேண்டியவர்களே.

யாரை அமர்த்துவது?

மூஸா (அலை) அவர்களை வேலைக்கு அமர்த்தும்படி மத்யன் பெரியவரிடம் அவருடைய மகள் கூறியதைத் திருமறை (28:26) எடுத்துரைக்கிறது. அப்பெண்மணி சுட்டிய தகுதிகள் இரண்டு: வலிமை, நம்பகம். தொழில் தெரிந்து நாணயமில்லாதவரும் உதவார். நாணயமிருந்து தொழில் தெரியாதவரும் உதவார்.

ஹிஜ்ரத்தின்போது நாயகம் (ஸல்) அவர்கள் கூலிக்கு அமர்த்திய வழிகாட்டி அப்போது முஸ்லிமல்லாதவர். பாதை நன்கறிந்தவர், நம்பத் தகுந்தவர் என்பதால் ஒட்டகங்களையே அவரிடம் ஒப்படைத்தார்கள். ஒருவரை நல்லவரென்று சான்று கூறியவரிடம் உமர் (ரலி) அவர்கள், நீர் அவருடைய அண்டை வீட்டாரா, அவருடன் பயணம் செய்தீரா, கொடுக்கல் வாங்கல் வைத்தீரா என்று வினவியதாக அறிவிக்கப்படுகிறது. பள்ளிவாசலில் பார்த்தது மட்டும் போதாது என்பதே இதன் படிப்பினை.

ஆகவே அந்த மேஸ்திரி செய்து, ஒரு மழைக்காலமாவது கண்ட வீட்டைச் சென்று பாருங்கள். அவ்வீட்டாரை விசாரியுங்கள். கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் ஒழுங்காகக் கூலி கொடுப்பவரா என்றும் கேளுங்கள்.

எதைப் பேசுவது?

"செய்யுங்கள், பிறகு பார்த்துத் தருகிறேன்" என்பது முறையன்று. வேலையும் கூலியும் தெளிவாக இருத்தல் இஜாராவின் நிபந்தனை. மூஸா (அலை) அவர்களிடமும் எட்டு ஆண்டுகள் என்றும், பத்தாக்குவது அவர்கள் விருப்பம் என்றும் முன்னதாகவே பேசப்பட்டது (28:27).

கூலி மட்டுமா, சாமானும் சேர்த்தா? சிமெண்டும் மணலும் என்ன விகிதம்? உட்சுவர்ப் பூச்சுக்கு ஒன்றுக்கு ஆறும், வெளிச்சுவருக்கு ஒன்றுக்கு நான்கும் வழக்கம். பூச்சுக்கு ஏழு நாளாவது தண்ணீர் விட வேண்டும். அது யார் பொறுப்பு? இடையில் கூடுதல் வேலை வந்தால் கணக்கு என்ன? அனைத்தையும் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். கடனை எழுதிக்கொள்ளச் சொன்ன திருமறை (2:282) நமக்குக் கற்பிக்கும் பழக்கம் இது. ஆண்கள் ஊரில் இல்லாத வீட்டில் மஹ்ரமானவர் ஒருவரை உடன்வைத்துப் பேசுவது நன்று.

கூலி கொடுப்பது எப்படி?

வேலை நடக்க நடக்கத் தவணையாகக் கொடுங்கள். தளத்தில் தண்ணீர் தேக்கி, ஒழுகவில்லை என்று கண்ட பிறகே கடைசித் தவணை என்றால், அதையும் முதலிலேயே பேசிவிடுங்கள். வேலை முடிந்தபின் புதிதாக நிபந்தனை போடுவது அநீதி. குறையிருந்தால் காட்டித் திருத்தச் சொல்லுங்கள். அதைச் சாக்கிட்டு முழுக் கூலியையும் நிறுத்தாதீர்கள்.

தொழிலாளியின் வியர்வை உலருமுன் கூலியைக் கொடுத்துவிடும்படி நாயகம் (ஸல்) அவர்கள் ஏவினார்கள். முழு வேலையும் வாங்கிக்கொண்டு கூலி கொடாதவனுக்கு எதிராகக் கியாமத் நாளில் தானே வழக்காடுவதாக அல்லாஹ் கூறுவதை ஹதீஸ் குத்ஸி அறிவிக்கிறது. சகோதரர்களே, அந்த வழக்கில் நமக்காக வாதாட யார் வருவார்?

பிறர் ஹக்கு கலவாத வீட்டில் நம்மை வாழச் செய்வானாக! ஆமீன்.