மே மாத விமான டிக்கெட்: மாசிக்குள் முடிக்க வேண்டியவை

பள்ளிகளில் திருப்புதல் தேர்வு நடக்கும் இந்த நாள்களில்தான் மே மாத விமான இருக்கைகள் விற்கத் தொடங்குகின்றன. "பரீட்சை முடியட்டும், பார்க்கலாம்" என்று ஏப்ரல் வரை தள்ளிப்போடுவதுதான் நம் வழக்கம். தனி ஆளுக்கு ஏப்ரலிலும் எங்காவது ஒரு மலிவான இருக்கை அகப்படும். நான்கு பேருக்கு, ஒரே விமானத்தில், ஒரே நாளில் அகப்படுவது அபூர்வம். மார்ச் பாதிக்குள் டிக்கெட் கையில் இருக்க வேண்டும் என்று வைத்துக்கொண்டு இந்த வாரமே வேலையை ஆரம்பியுங்கள்.

முதலில் தேதி, அப்புறம்தான் ஊர். மாநிலப் பாடத்திட்டப் பிள்ளைகளுக்கு ஏப்ரல் கடைசியில் விடுமுறை தொடங்கி ஜூன் முதல் வாரத்தில் பள்ளி திறக்கும். சிபிஎஸ்இ பள்ளிகள் பலவற்றில் ஏப்ரலிலேயே அடுத்த வகுப்பு தொடங்கிவிடும். அவர்களுக்கு மே மாதம்தான். வீட்டில் பிளஸ் டூ பிள்ளை இருந்தால் பொதுத்தேர்வு மார்ச்சில் முடிந்துவிடும், ஏப்ரல் முதல் பாதியில் விலையும் குறைவு. ஆனால் நீட் எழுதுகிறவர் என்றால் அந்தத் தேர்வு பெரும்பாலும் மே முதல் ஞாயிற்றுக்கிழமை வரும். அதற்கு முன் பயணம் கிடையாது. தம்பிக்கோ தங்கைக்கோ ஆண்டுத்தேர்வு இருந்தால் ஏப்ரல் யோசனையும் போச்சு. இதையெல்லாம் ஒரு தாளில் எழுதி, எல்லோருக்கும் ஒத்துவரும் நாள்களை வட்டமிட்ட பிறகே கூகுள் ஃபிளைட்ஸையோ ஸ்கைஸ்கேனரையோ திறக்க வேண்டும். இரண்டிலுமே மாதம் முழுவதற்குமான விலையை ஒரே பார்வையில் காணலாம்.

விலையைத் தீர்மானிப்பது நம் விடுமுறை மட்டுமல்ல. எதிரே வருகிறவர்களின் விடுமுறையும் சேர்ந்துதான் தீர்மானிக்கிறது. சிங்கப்பூர்ப் பள்ளிகளுக்கு மே இறுதியிலிருந்து ஏறக்குறைய ஜூன் இறுதிவரை விடுமுறை. அந்த நேரம் பார்த்துத்தான் அங்குள்ள தமிழ்க் குடும்பங்கள் திருச்சிக்கும் சென்னைக்கும் கிளம்புகின்றன. மே முழுக்க அங்கே சுற்றிவிட்டுக் கடைசி நாள்களில் திரும்பும் நம் ஊர்க் குடும்பங்களும் அதே விமானத்துக்கு அடித்துக்கொள்கின்றன. இரண்டு கூட்டமும் ஒரே திசையில். ஆகவே சிங்கப்பூர் போகிறவர்கள் மே 23, 24 வாக்கில் திரும்பிவிடும்படி திட்டமிடுங்கள். போகிற விலையைவிட வருகிற விலை இரண்டு மடங்காகத் தெரிந்தால் காரணம் இதுதான். ஒரு வாரம் முன்னால் நகர்த்திப் பாருங்கள், இறங்கும்.

வளைகுடாவுக்கும் இதே கணக்கு, மாதம்தான் வேறு. துபாய், தோஹா, மஸ்கட் பக்கம் பள்ளிகள் ஜூலை, ஆகஸ்டில் மூடியிருக்கும். ஜூன் கடைசியில் அங்கிருந்து இங்கே வருவதற்கும், ஆகஸ்ட் கடைசியில் இங்கிருந்து அங்கே போவதற்கும் விலை உச்சத்தில் நிற்கும். அப்பா அங்கே வேலையில், அம்மாவும் பிள்ளைகளும் இங்கே என்றிருக்கும் குடும்பங்களுக்கு மே மாதம் போய் ஜூன் முதல் நாள்களில் திரும்புவது நல்ல ஏற்பாடு. வெயில் அங்கே நம் கத்திரியையே மிஞ்சும் என்பது வேறு விஷயம். மகனோ மகளோ அமெரிக்காவில் இருந்து, பேரப்பிள்ளையைப் பார்க்கப் போகும் பெற்றோருக்கும் ஒரு வார்த்தை: ஆகஸ்டில் போகாதீர்கள். அது கல்லூரி மாணவர்கள் கிளம்பும் மாதம்.

எந்த விமான நிலையம் என்பதையும் யோசியுங்கள். தஞ்சாவூர், புதுக்கோட்டை, பெரம்பலூர்க்காரர்கள் பழக்கத்தில் சென்னையைத் தேடுகிறார்கள். திருச்சியிலிருந்து சிங்கப்பூர், கோலாலம்பூர், கொழும்பு, துபாய்க்கு நேரடி விமானங்கள் உண்டு. 2024 ஜூனிலிருந்து புதிய முனையமும் இயங்குகிறது. மேற்கு மாவட்டத்தாருக்குக் கோவையிலிருந்து சிங்கப்பூர், ஷார்ஜா. மதுரையிலிருந்து கொழும்பு. சென்னையில் தலைக்கு 1,500 ரூபாய் குறைவாகத் தெரிந்தாலும் நான்கு பேர் ரயிலிலோ காரிலோ சென்னை போய்வரும் செலவு, நேரம் தப்பினால் ஒரு ராத்திரி அறை வாடகை எல்லாம் சேர்ந்தால் மிச்சம் ஒன்றும் இராது.

இனி தேடும் முறை. குடும்பஸ்தர்கள் பணத்தை விடுவது பெரும்பாலும் இங்கேதான். ஒரு விமானத்தின் எகானமி இருக்கைகள் எல்லாம் ஒரே விலை அல்ல. விலைவாரியாகப் பிரித்து வைத்திருப்பார்கள். மலிவான பிரிவில் மூன்று இருக்கைதான் மிச்சம் என்று வையுங்கள். நீங்கள் நான்கு பேர் என்று தேடினால், பெரும்பாலான விமான நிறுவனங்களின் கணினி நான்கு பேருக்கும் அடுத்த பிரிவின் விலையையே காட்டும். உதாரணமாக, மலிவுப் பிரிவு 9,000 ரூபாய், அடுத்தது 11,500 என்றால் நான்கு பேருக்கு 46,000 வரும். மூன்று பேருக்கு ஒன்று, ஒருவருக்கு ஒன்று என்று தனித்தனியாக எடுத்தால் 38,500. ஒரு வழிக்கே 7,500 ரூபாய் வித்தியாசம். எனவே முதலில் ஒரு ஆள் என்று தேடுங்கள், பிறகு இரண்டு, மூன்று, நான்கு. எந்த எண்ணிக்கையில் தலைக்கு வரும் விலை ஏறுகிறதோ அங்கே பிரிக்கலாமா என்று யோசியுங்கள்.

பிரிப்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. பிள்ளைகளைத் தனி டிக்கெட்டில் போடக் கூடாது. ஒவ்வொரு பதிவிலும் பெரியவர் ஒருவர் இருக்க வேண்டும். 12 வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்குப் பெற்றோர் ஒருவர் பக்கத்திலாவது இருக்கை கொடுக்க வேண்டும் என்று 2024 ஏப்ரலில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் நம் நாட்டு நிறுவனங்களுக்குச் சொல்லியிருக்கிறது. ஆனால் அது ஒரே பிஎன்ஆரில் இருப்பவர்களுக்குத்தான். சின்னப் பிள்ளை அம்மாவோடு ஒரே பதிவில் இருந்தால் இருக்கைத் தேர்வுக்கென்று தனியாகப் பணம் கட்டாமல் தப்பிக்கலாம். அப்பா தனியாகப் பின்வரிசையில் உட்கார்ந்தால் ஒன்றும் குறைந்துவிடாது. நான்கு மணி நேரம் தூங்கிக்கொண்டு போகட்டும்.

முதல் பக்கத்தில் தெரியும் விலையை நம்பாதீர்கள். ஏர் ஏசியாவில் கைப்பைகளுக்குச் சேர்த்து 7 கிலோ, ஸ்கூட்டில் 10 கிலோ. அதற்கு மேல் எல்லாம் காசு. ஊருக்குப் போகும்போது முறுக்கும் மிளகாய்ப்பொடியும், வரும்போது மைலோவும் கோடாலித் தைலமும் இல்லாமல் எந்தத் தமிழ்க் குடும்பம் பயணம் போயிருக்கிறது? பெட்டிக்கான எடையை டிக்கெட் எடுக்கும்போதே வாங்கிவிடுங்கள். விமான நிலையக் கவுண்டரில் அதே கிலோவுக்குக் கேட்கும் தொகை வயிற்றெரிச்சல். நான்கு பேருக்கு நான்கு பெட்டி வேண்டியதில்லை. 20 கிலோவில் இரண்டு போதும். பணம் கட்டும்போது பிடிக்கும் 'கன்வீனியன்ஸ் ஃபீ' பல நிறுவனங்களில் தலைக்கு இவ்வளவு, வழிக்கு இவ்வளவு என்று பெருகும். எந்த வழியில் கட்டினால் குறைவு என்பதைக் கடைசித் திரையில் மாற்றி மாற்றிப் பாருங்கள். விலை ரிங்கிட்டிலோ சிங்கப்பூர் டாலரிலோ தெரிந்தால் ரூபாய்க்கு மாற்றியபின் கட்டுங்கள். இல்லாவிட்டால் கார்டு நிறுவனம் மாற்றுக் கட்டணம் என்று ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும்.

கைக்குழந்தைக்கு 2 வயது நிறையும்வரை மடியில் இடம். பயணத்தின் நடுவே பிறந்தநாள் வந்தால், திரும்பும்போது தனி இருக்கை எடுத்தாக வேண்டும். 2 முதல் 11 வயதுவரை சில முழுச்சேவை நிறுவனங்கள் அடிப்படைக் கட்டணத்தில் தள்ளுபடி தரும். மலிவு விலை நிறுவனங்களில் அந்தச் சலுகை பெரும்பாலும் கிடையாது, பெரியவருக்கு உள்ளதேதான்.

செவ்வாய்க்கிழமை வாங்கினால் மலிவு, ரகசியத் திரையில் தேடினால் மலிவு என்று வாட்ஸ்அப்பில் வருவதை விட்டுவிடுங்கள். செவ்வாய், புதனில் பறந்தால் குறையும் என்பது உண்மை. அன்று வாங்கினால் குறையும் என்பதற்கு ஆதாரம் இல்லை. நள்ளிரவுத் தள்ளுபடி விற்பனைக்குக் காத்திருப்பதும் வீண். அந்த அறிவிப்புகளின் அடியில் பொடி எழுத்தில் விடுமுறை நாள்களுக்குப் பொருந்தாது என்று போட்டிருப்பார்கள்.

டிக்கெட்டுக்கு முன்பே பாஸ்போர்ட்டுகளை எடுத்து மேசையில் வையுங்கள். பல நாடுகள் போய் இறங்கும் நாளிலிருந்து 6 மாதம் செல்லுபடியாக வேண்டும் என்று கேட்கும். பெரியவர்களுடையது 10 ஆண்டு. பிள்ளைகளுடையது 5 ஆண்டுதான். பெற்றோர் தங்களுடையதைப் பார்த்துத் திருப்திப்பட்டுக்கொள்ள, பிள்ளையுடையது காலாவதியாகிக் கிடக்கும். பிள்ளைக்குப் புதுப்பிக்க 1,000 ரூபாய், தட்கல் என்றால் இன்னும் 2,000. இப்போது விண்ணப்பித்தால் தட்கல் தேவைப்படாது.

அடுத்து பெயர். நமக்கு இனிஷியல்தான், குடும்பப் பெயர் கிடையாது. பலருடைய பாஸ்போர்ட்டில் சர்நேம் இடம் காலி. கணவருக்கு ஒரு மாதிரி, மனைவிக்கு ஒரு மாதிரி, பிள்ளைக்கு மூன்றாவது மாதிரி. விமான நிறுவனத்தின் படிவமோ இரண்டு கட்டத்தையும் நிரப்பச் சொல்லும். சிலர் இனிஷியலைப் போட்டு வைக்கிறார்கள்; அது தவறு. பாஸ்போர்ட் பக்கத்தின் அடியில் அம்புக்குறிகளோடு இருக்கும் இரண்டு வரிகளில் பெயர் எப்படி இருக்கிறதோ, எழுத்துக்கு எழுத்து அதுவே டிக்கெட்டிலும் இருக்க வேண்டும். சர்நேம் காலி என்றால் அந்தக் கட்டத்தில் என்ன போடுவது என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். சில நிறுவனங்கள் பெயரையே இருமுறை போடச் சொல்லும். உதவிப் பக்கத்தில் படித்துவிட்டு எழுதுங்கள். ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரிலிருந்து ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டோடு சுற்றுலா விசாவில் வருகிறவர்களை அனுமதிப்பதில்லை. இரண்டாம் பக்கத்தில் தந்தை பெயர் இருந்தால் ஏற்பதாகப் பிறகு தெளிவுபடுத்தினார்கள். துபாய் போகிறவர்கள் இதைப் பார்க்காமல் பணம் கட்டக் கூடாது.

விசாச் செலவையும் டிக்கெட்டோடு சேர்த்துக் கூட்டுங்கள். சிங்கப்பூருக்கு நம்மவர்களுக்கு விசா வேண்டும். தலைக்கு 30 சிங்கப்பூர் டாலர், அதற்கு மேல் ஏஜென்ட் கட்டணம். மலேசியா 2023 டிசம்பரிலிருந்து இந்தியர்களை விசா இல்லாமல் விடுகிறது. போவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் இணையத்தில் வருகை அட்டையை நிரப்பினால் போதும். அது இலவசம்; பணம் கேட்கும் தளம் போலி. ஆக, கோலாலம்பூர் டிக்கெட் தலைக்கு ஆயிரம் ரூபாய் கூடுதலாக இருந்தாலும் குடும்பத்துக்கு அதுவே மலிவாக முடியலாம். விசா விதிகள் அடிக்கடி மாறுபவை. பணம் கட்டும் நாளில் அந்தந்த அரசுத் தளத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

செலவை இன்னும் சுருக்க வேண்டுமானால் இலங்கை. சென்னையிலிருந்தும் திருச்சியிலிருந்தும் யாழ்ப்பாணத்துக்கே விமானம் இருக்கிறது. மே பிற்பாதியில் கொழும்புப் பக்கம் தென்மேற்குப் பருவமழை பிடித்துவிடும். யாழ்ப்பாணமும் திருகோணமலையும் வறண்டிருக்கும் காலம் அது. யாழ்ப்பாணம் போவது சின்ன விமானம், பெட்டிக்கான எடை வரம்பைப் பார்த்துக் கட்டுங்கள்.

டிக்கெட் கைக்கு வந்த அன்றே உட்கார்ந்து ஒவ்வொரு பெயரையும் தேதியையும் சரிபாருங்கள். பயண நாளுக்குப் போதிய காலம் முன்பே, நம் நாட்டு நிறுவனத்தின் தளத்தில் நேரடியாக எடுத்திருந்தால், ஒரு குறுகிய கெடுவுக்குள் அபராதம் இல்லாமல் ரத்து செய்யலாம்; கெடு எவ்வளவு என்று தளத்தில் பாருங்கள். ஏஜென்ட்டிடம் எடுத்தவர்கள் அதே நாளில் அவரைப் பிடியுங்கள். நேரத்தைப் பார்க்கும்போது ஒன்று கவனம்: கிழக்கே போகும் விமானங்களில் பல நள்ளிரவை ஒட்டிக் கிளம்புகின்றன. டிக்கெட்டில் 10ஆம் தேதி 00.40 என்று இருந்தால் 9ஆம் தேதி இரவு 9.30 மணிக்கெல்லாம் விமான நிலையத்தில் இருக்க வேண்டும்.